லங்காஷயர் கால்பந்து வரலாறு

இங்கிலாந்தின் வடமேற்கே, ஐரிஷ் கடலை ஒட்டி அமைந்த கவுண்டி லங்காஷயர். கனவான்களின் பொழுதுபோக்காக இருந்த கால்பந்து, கூலி வாங்கி ஆடும் தொழிலாக மாறியது பெருமளவு இங்கேதான். உலகின் முதல் கால்பந்து லீக் 1888-இல் தொடங்கியபோது அதிலிருந்த 12 கழகங்களில் 6 இந்தக் கவுண்டியைச் சேர்ந்தவை. 1974-இல் நிர்வாக எல்லைகள் திருத்தப்பட்டு, மான்செஸ்டரும் லிவர்பூலும் சுற்றியுள்ள ஊர்களோடு தனித்தனிக் கவுண்டிகளாயின. இக்கட்டுரை பழைய எல்லையை வைத்துப் பேசுகிறது. அந்த இரு நகரங்களின் கழகங்களை உலகமே அறியும் என்பதால், பஞ்சாலை ஊர்களுக்கே இங்கு கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

சனிக்கிழமைப் பிற்பகல்

லங்காஷயரில் கால்பந்து வேரூன்றியதற்கு ஒரு சட்டம் பெரிய காரணம். 1850-இன் தொழிற்சாலைச் சட்டப்படி, நெசவாலைகளில் பெண்களும் இளம் வயதினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் ஓய்வு கிடைத்தது. வாரத்தில் ஓர் அரை நாளும் கையில் கொஞ்சம் காசும் உள்ள பெருங்கூட்டம் இப்படி உருவாயிற்று. மற்ற தொழில்களில் பல இடங்களுக்கு இந்த அரை நாள் விடுப்பு பின்னால்தான் வந்தது.

ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு வகையினர். போல்ட்டனுக்கு அருகேயுள்ள டர்ட்டன் கிராமத்தில் 1871-இல் கழகம் தொடங்கியவர், மேட்டுக்குடிப் பிள்ளைகளின் ஹாரோ பள்ளியில் படித்துத் திரும்பிய ஜான் சார்லஸ் கே. பிளாக்பர்ன் ரோவர்ஸ் (1875) பள்ளி முன்னாள் மாணவர்கள் முன்னின்று தொடங்கியது. போல்ட்டன் வாண்டரர்ஸ் 1874-இல் கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் பிறந்தது. எவர்ட்டனும் மான்செஸ்டர் சிட்டியும்கூடத் தேவாலயச் சங்கங்களாகத் தொடங்கியவையே. லங்காஷயர் மற்றும் யார்க்ஷயர் ரயில்வேயின் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் 1878-இல் அமைத்த நியூட்டன் ஹீத் அணி, 1902-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று. அதே 1878-இல் 28 கழகங்கள் கூடி லங்காஷயர் கால்பந்துச் சங்கத்தை அமைத்தன. ஆனால் விகன், செயின்ட் ஹெலன்ஸ் போன்ற பகுதிகளில் ரக்பியின் பிடி தளரவில்லை.

டார்வெனின் மூன்று ஆட்டங்கள்

டார்வென் பென்னைன் மலைச்சரிவில் இருந்த சின்ன ஆலை ஊர். 1879 பிப்ரவரியில் அதன் அணி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதிக்காக லண்டன் ஓவல் மைதானத்துக்குப் போயிற்று. எதிரே ஓல்ட் ஈட்டோனியன்ஸ், நாட்டின் மிக உயர்ந்த பள்ளியில் படித்த பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். கால் மணி நேர ஆட்டம் மீதமிருக்கையில் டார்வென் 1-5 எனப் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து எழுந்து 5-5 என்று சமன் செய்தது. கூடுதல் நேரம் ஆடலாம் என்று டார்வென் கேட்டது, ஈட்டோனியன்ஸ் மறுத்துவிட்டனர். மறு ஆட்டமும் லண்டனில்தான். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணத்துக்கு ஊர் மக்கள் சந்தா திரட்டினார்கள். இரண்டாம் ஆட்டம் 2-2. மூன்றாவது முறையும் பயணம் செய்து வந்த அணி 2-6 எனத் தோற்றது. ஈட்டோனியன்ஸ் அந்த ஆண்டுக் கோப்பையை வென்றனர். இருந்தும், லங்காஷயர் கால்பந்தின் பெருமையை எந்தக் கோப்பை வெற்றியையும்விட இந்தத் தோல்வியே தெளிவாகக் காட்டுகிறது. ஆலையில் நின்று உழைத்தவர்கள் ஓய்வுக்குக் குறைவில்லாதவர்களோடு மூன்று முறை மோதினார்கள்.

அந்த அணியில் கிளாஸ்கோவிலிருந்து வந்த ஃபெர்கஸ் சூட்டர், ஜேம்ஸ் லவ் என இரு ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். சூட்டர் கல் கொத்தும் தொழிலாளி. டார்வெனுக்கு வந்த சில காலத்திலேயே அந்தத் தொழிலை விட்டுவிட்டார். பிறகு எதைக் கொண்டு வாழ்ந்தார் என்பது ஊருக்கே தெரியும். 1880-இல் அவர் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு மாறியபோது இரு ஊர்களுக்கும் இடையே கடும் பகை மூண்டது.

அக்கால ஆங்கிலேயர் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாக முட்டி மோதி ஓடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களோ ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக் கொடுத்து முன்னேறுவார்கள். லங்காஷயர் ஆலை ஊர்கள் காசு கொடுத்து வாங்கியது இந்த ஆட்ட முறையைத்தான். ஆலையில் ஒரு வேலை, அல்லது பெயருக்கு ஒரு மதுக்கடைப் பொறுப்பு, மறைவாக ஒரு தொகை: இப்படி வந்தவர்கள் ஏராளம்.

கோப்பை வடக்கே வருகிறது

1882 இறுதிப் போட்டியில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் 0-1 என ஓல்ட் ஈட்டோனியன்ஸிடம் தோற்றது. அடுத்த ஆண்டு அதே ஊரின் இன்னொரு கழகமான பிளாக்பர்ன் ஒலிம்பிக் அதே ஈட்டோனியன்ஸைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்றது. வெற்றி கோலை அடித்த ஜிம்மி காஸ்ட்லி நூற்பாலைத் தொழிலாளி. அணித்தலைவர் ஆல்பர்ட் வார்பர்ட்டன் குழாய் வேலை செய்பவர். ஓர் இரும்பு வார்ப்பாலை முதலாளி கொடுத்த பணத்தில், அணி போட்டிக்கு முன் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்த் தங்கிப் பயிற்சி செய்தது. ஜாக் ஹன்ட்டர் என்ற அனுபவசாலி அதை நடத்தினார். போட்டிக்காக இப்படித் திட்டமிட்டுத் தயாராவது அன்று புதுமை. தென் இங்கிலாந்து இதழ்கள் சிலவற்றுக்கு அது பிடிக்கவில்லை. தொழிலாளர் அணி ஒன்று கோப்பையை வென்றது இதுவே முதன்முறை. அதன்பின் முன்னாள் மாணவர் கழகம் எதுவும் அதை வெல்லவில்லை.

ஒலிம்பிக் 1889-இல் கலைந்துபோனது. ரோவர்ஸ் 1884, 1885, 1886 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வென்றது. 1890, 1891-லும் அதுவே வென்றது.

கூலியும் வழக்கும்

பிரெஸ்டன் நார்த் எண்டை நடத்திவந்த வில்லியம் சுடெல் ஒரு பஞ்சாலை மேலாளர். ஸ்காட்லாந்திலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்து, அவர்களுக்கு ஊரில் வேலையும் பிடித்துக் கொடுத்து அணியைக் கட்டினார். 1884 ஜனவரியில் லண்டனின் அப்டன் பார்க் அணியுடன் கோப்பை ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்ததும், பிரெஸ்டன் காசுக்கு ஆள் வைத்து ஆடுகிறது என்று அப்டன் பார்க் புகார் செய்தது. மறுப்பதுதான் அதுவரை வழக்கம். சுடெல் மறுக்கவில்லை, ஆட்டக்காரர்களை வரவழைத்து வேலை தேடித் தந்ததை ஒப்புக்கொண்டு, எல்லோரும் செய்வதைத்தான் தாமும் செய்ததாகச் சொன்னார். பிரெஸ்டன் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் லங்காஷயர் கழகங்கள் ஒன்றுகூடி, தனியாக ஒரு பிரிட்டிஷ் கால்பந்துச் சங்கம் அமைக்கப்போவதாக அறிவித்தன. பிளவுக்கு அஞ்சி, லண்டனில் இருந்த கால்பந்துச் சங்கம் 1885 ஜூலை 20 அன்று தொழில்முறை ஆட்டத்தை நிபந்தனைகளோடு ஏற்றது. கோப்பைப் போட்டியில் ஆட வேண்டுமானால், தொழில்முறை ஆட்டக்காரர் கழகத்துக்கு ஆறு மைல் சுற்றளவில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் அங்கே இரண்டு ஆண்டு வசித்திருக்க வேண்டும். தொழிலாளிக்கு ஆட்டம் வருமானம் தரக்கூடாது என்ற கொள்கையை விளையாட்டின் தூய்மையாகச் சொன்னவர்கள், வருமானத்துக்கு உழைக்கத் தேவையில்லாதவர்கள். ஒரு நாள் கூலியை இழந்து ஆட வந்தவனுக்கு ஈடு கொடுப்பதில் அவமானம் எதுவுமில்லை என்று லங்காஷயர் வாதிட்டது. நியாயம் அதன் பக்கமே இருந்தது.

லீக்

கூலி கொடுக்கும் கழகத்துக்கு நிச்சயமான வருமானம் வேண்டும். கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றால் வாசல் வசூல் இல்லை. நட்பு ஆட்டங்களுக்கு எதிரணி வராமலும் போகும். இதற்கு வழி சொன்னவர் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் வில்லாவைச் சேர்ந்த வில்லியம் மக்ரெகர். 1888 ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டர் ராயல் ஓட்டலில் கால்பந்து லீக் உருவானது. அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்ட்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரெஸ்டன் ஆகியவை லங்காஷயரின் ஆறு. லீக்கின் பெயரில் இங்கிலாந்து என்ற சொல் இல்லை. தலைமையகம் நெடுங்காலம் பிரெஸ்டனில் இருந்தது.

முதல் பருவத்தில் பிரெஸ்டன் 22 ஆட்டங்களில் 18-ஐ வென்றது, 4-ஐச் சமன் செய்தது, தோல்வியே இல்லை. அதே ஆண்டு எஃப்.ஏ. கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் கைப்பற்றியது. அதற்கு முந்தைய பருவத்தில் ஹைட் அணியை 26-0 என வென்றிருந்தது. அந்த அணியைக் கட்டிய சுடெலின் முடிவு துயரமானது. ஆலைப் பணத்தைக் கையாடியதாக 1895-இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கழகத்துக்கே செலவாகியிருந்தது. விடுதலைக்குப் பின் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் விளையாட்டுச் செய்தியாளராக வாழ்ந்து, 1911-இல் இறந்தார்.

சிறிய ஊர்கள் சீக்கிரமே மூச்சு வாங்கின. லீக்கைத் தொடங்கியவற்றுள் ஒன்றான அக்ரிங்டன் 1893-இல் விலகியது. டார்வென் 1891 முதல் 1899 வரை மட்டுமே லீக்கில் இருந்தது. லிவர்பூலில் ஆன்ஃபீல்ட் மைதானத்தின் வாடகைத் தகராறால் எவர்ட்டன் 1892-இல் வெளியேற, காலி மைதானத்துக்காக அதன் உரிமையாளர் ஜான் ஹூல்டிங் தொடங்கியதே லிவர்பூல் கழகம். 1901 முதல் ஆட்டக்காரரின் வாரச் சம்பளம் 4 பவுனைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பு வந்தது. இதை எதிர்த்து 1907-இல் பில்லி மெரிடித் முதலிய ஆட்டக்காரர்கள் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கத்தை அமைத்தார்கள். பரி 1903 இறுதிப் போட்டியில் டார்பி கவுண்டியை 6-0 என வென்றது. போல்ட்டன் 1923, 1926, 1929-இல் கோப்பையை எடுத்தது. பர்ன்லி 1914-இல் கோப்பையையும், 1921-இல் லீக் பட்டத்தையும் வென்றது.

டிக், கெர் பெண்கள்

பிரெஸ்டனில் டிராம், ரயில் சாதனங்கள் செய்துவந்த டிக், கெர் ஆலை முதல் உலகப் போரில் வெடிபொருள் செய்யத் தொடங்கியது. பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். இடைவேளையில் பந்து உதைத்த இவர்களை அலுவலக ஊழியர் ஆல்பிரட் ஃபிராங்க்லாண்ட் அணியாக்கினார். 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு 10,000 பேர் வந்தார்கள். வசூல் காயமுற்ற வீரர்களின் மருத்துவமனைக்குப் போயிற்று. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களோடு ஆடியபோது 53,000 பேர் உள்ளே இருந்தார்கள். இடமின்றி வெளியே நின்றவர்கள் பல ஆயிரம்.

1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்றும், திரட்டிய பணத்தில் போதிய பங்கு அறப்பணிகளுக்குப் போகவில்லை என்றும் சொல்லி, பெண்கள் அணிகளுக்கு மைதானம் தரக் கூடாதென்று கால்பந்துச் சங்கம் தன் கழகங்களுக்கு ஆணையிட்டது. முதல் காரணம் அவமதிப்பு. இரண்டாவது, ஆண்கள் கழகங்களிடம் கேட்கப்படாத கேள்வி. சங்கத்தின் வரலாற்றில் இதைவிடச் சிறுமையான முடிவு எதுவும் இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே தடை நீங்கியது.

அணி ஓயவில்லை. 1922-இல் அமெரிக்கா சென்று ஆண்கள் அணிகளோடு ஆடியது. பூங்காக்களிலும் ரக்பி மைதானங்களிலும் ஆடி 1965 வரை நீடித்தது. செயின்ட் ஹெலன்ஸில் பிறந்த லில்லி பார், சிறுமியாகச் சேர்ந்து 1951 வரை ஆடினார். இடது காலால் அவர் அடிக்கும் அடி ஊரறிந்தது. மனநல மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்த அவருக்கு 2019-இல் மான்செஸ்டர் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் சிலை வைக்கப்பட்டது.

ஆலைகள் சாய்தல்

முதல் உலகப் போருக்குப் பின் லங்காஷயர் துணி தன் சந்தைகளை இழந்தது. இந்தியாவில் ஆலைகள் பெருகியதும் அந்நியத் துணி புறக்கணிப்பும் இதற்குக் காரணங்களுள் அடங்கும். 1931-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி, டார்வெனுக்குப் போய் வேலையிழந்த நெசவாளர்களைச் சந்தித்தார். 1923-இல் ஸ்பெயினில் ரியல் மாட்ரிட்டையே 4-2 என வென்ற, மற்றோர் ஆலை ஊரான நெல்சனின் அணி அதே 1931-இல் லீக்கிலிருந்து வெளியேறியது.

எனினும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டம் முன்னெப்போதையும்விடப் பெருகியது. அதில் ஒரு கொடுமையும் நேர்ந்தது. 1946 மார்ச் 9 அன்று போல்ட்டனின் பர்ன்டன் பார்க்கில் நெரிசலில் 33 பேர் இறந்தனர். சிறிது நேரம் நிறுத்தப்பட்ட ஆட்டம், உடல்கள் மைதான ஓரத்தில் கிடத்தப்பட்டிருக்கையிலேயே தொடர்ந்து நடந்தது. 1953 இறுதிப் போட்டி இரு லங்காஷயர் கழகங்களுக்கு இடையே நடந்தது. 1-3 எனப் பின்தங்கிய பிளாக்பூல், 38 வயது ஸ்டான்லி மாத்யூஸின் ஓட்டத்தாலும் ஸ்டான் மார்ட்டென்சனின் மூன்று கோல்களாலும் போல்ட்டனை 4-3 என வென்றது. பிரெஸ்டனில் டாம் ஃபின்னி குழாய் வேலைத் தொழிலை விடாமலே இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடினார். 1960-இல் ஓய்வு பெறும்வரை வேறு கழகத்துக்குப் போகவில்லை. அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே பிரெஸ்டன் முதல் பிரிவிலிருந்து இறங்கியது, இன்றுவரை மீளவில்லை. ஏறத்தாழ 80,000 பேர் வாழ்ந்த பர்ன்லி 1960-இல் லீக் பட்டம் வென்றது.

1961 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு, அப்போது 20 பவுன், நீக்கப்பட்டது. ஆட்டக்காரருக்குக் கிடைக்க வேண்டிய நியாயம் அது. 1885-இல் லங்காஷயர் எதற்காகப் போராடியதோ அதன் நிறைவும் அதுவே. ஆனால் கூடுதல் சம்பளம் கொடுக்கப் பெரிய கூட்டம் வேண்டும். அது மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும்தான் இருந்தது. அக்ரிங்டன் ஊரின் பிற்காலக் கழகமான அக்ரிங்டன் ஸ்டான்லி 1962-இல் கடனால் லீக்கை விட்டு விலகியது. பிறகு அந்தப் பெயரில் புதிதாகத் தொடங்கப்பட்ட கழகம் 2006-இல்தான் லீக்கில் இடம் பெற்றது. உச்சவரம்பு நீங்கிய பிறகு ஆலை ஊர் ஒன்று நாட்டின் பட்டத்தை வென்றது ஒரே முறை: உருக்கு வணிகர் ஜாக் வாக்கரின் பணத்தாலும் ஆலன் ஷியரரின் 34 லீக் கோல்களாலும் 1995-இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ். அக்கழகத்தை 2010-இல் புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் குழுமம் வாங்கியது. 1978-இல் லீக்குக்கு வந்த விகன் அத்லெட்டிக் 2013-இல் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது.

1894 முதல் லீக்கில் இருந்த பரி, பணமின்றி 2019 ஆகஸ்டில் வெளியேற்றப்பட்டது. ரசிகர்கள் சேர்ந்து மீட்ட பரி கழகம் 2023-இல் தன் பழைய கிக் லேன் மைதானத்தில், வடமேற்குக் கவுண்டிகள் லீக்கில் ஆடத் தொடங்கியது.