ஜினெட் நெவூ: மெழுகிலும் நாடாவிலும் எஞ்சிய இசை

1935ஆம் ஆண்டு வார்சா நகரில் வீனியாவ்ஸ்கி பெயரால் நிகழ்ந்த வயலின் போட்டியில் முதற்பரிசு பெற்றவர், பதினைந்தே வயது நிரம்பிய பிரெஞ்சுச் சிறுமி ஜினெட் நெவூ. இரண்டாம் இடம் பெற்றவர் டேவிட் ஓய்ஸ்ட்ராக். ஓய்ஸ்ட்ராக்குக்கு 1974 வரை வாழ்நாள் வாய்த்தது. அவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் ஏராளம். நெவூவோ முப்பதாம் வயதிலேயே மறைந்தார். அவர்தம் பதிவுகள் அனைத்தையும் ஒரே நாளில் கேட்டு முடித்துவிடலாம்.

போருக்கு முன் பெர்லினில் பதிவான சிறு உருப்படிகளும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் சொனாட்டாவும் நமக்குக் கிடைத்துள்ளன. எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை, போர் ஓய்ந்தபின் இலண்டனில் பில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் பதிவான இரு கான்செர்ட்டோக்களே. சிபேலியஸின் படைப்பு 1945 நவம்பரில் வால்டர் சஸ்கின்ட் நடத்தப் பதிவாயிற்று. பிராம்ஸின் படைப்பு 1946 ஆகஸ்டில் இசாய் டோப்ரோவென் நடத்தப் பதிவாயிற்று.

அக்காலப் பதிவுமுறையை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் கொள்ளுவது ஏறத்தாழ நான்கு நிமிட இசை. மெழுகின்மீது நேரே வெட்டப்படுவதால் ஒட்டுவதற்கோ திருத்துவதற்கோ இடமில்லை. ஒரு சுரம் பிழைத்தால் அப்பக்கம் முழுவதையும் மீண்டும் வாசித்தல் வேண்டும். நாற்பது நிமிடப் பிராம்ஸ் கான்செர்ட்டோ பலமுறை நின்று நின்றே பதிவாயிற்று. இலண்டன் பதிவில் ஒருவகைக் கட்டுப்பாடு தென்படுவதற்கு இதுவும் காரணமென்பது என் துணிபு.

1948 மே 3ஆம் நாள் ஹாம்பர்க் வானொலிக்காக, ஹான்ஸ் ஷ்மிட் இசர்ஸ்டெட் நடத்த, அதே கான்செர்ட்டோவை அவர் அவையினர்முன் வாசித்தார். ஜெர்மானிய வானொலியாரிடம் காந்த நாடா இருந்தமையால் இசை இடையீடின்றிப் பதிவாயிற்று. அந்த வாசிப்பிலே வில் நரம்பைக் கடித்து இழுப்பது போன்றதொரு வேகம் உண்டு. தூய்மை சில இடங்களில் குறைகிறது. ஆயினும் இரண்டனுள் ஒன்றைத் தேர்க எனின் ஹாம்பர்க் பதிவையே தேர்வேன். பாடவேறுபாடுகளோடு பழகியவர்க்கு, திருத்தமான பாடமே சிறந்த பாடமாகிவிடாது என்பது புதிதன்று.

சொனாட்டாக்களுள் டெபுஸ்ஸியின் சொனாட்டாவை 1948இல் தம் தமையனார் ஜான் நெவூவின் பியானோவுடன் அவர் பதிவு செய்தார். உடன்பிறந்தார் இருவரும் ஒருவர்க்கொருவர் வழிவிட்டு வாசிப்பதைக் கேட்கையில், இங்குப் பக்கவாத்தியம் என்னும் சொல் பொருந்தாதென்றே தோன்றுகிறது.

1949 செப்டம்பர் 25ஆம் நாள் பாடன் பாடனில், ஹான்ஸ் ரோஸ்பௌத் நடத்த, அவர் வாசித்த பீத்தோவன் கான்செர்ட்டோவும் வானொலிக் காப்பகத்தில் பிழைத்தது. முப்பத்து மூன்று நாள் கழித்து, பாரிசிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் அசோர்ஸ் தீவுகளின் மலையொன்றில் மோதியது. அதிலிருந்த நாற்பத்தெண்மரும் மாண்டனர். தங்கையும் தமையனும் அவருள் அடங்குவர். பாடன் பாடனில் அன்று நாடா சுழன்றது நம் நற்பேறு.

பூலாங்கின் சொனாட்டாவுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. நெவூவின் தூண்டுதலால் எழுதப்பெற்ற அதனை, 1943இல் பாரிசில் பூலாங்கே பியானோ வாசிக்க அவர் அரங்கேற்றினார். அவ்விருவர் வாசிப்பின் பதிவு நமக்குக் கிட்டவில்லை. 1949இல் பூலாங்க் அதன் இறுதிப் பகுதியைத் திருத்தியமைத்தார். இன்று அரங்குகளில் பெரிதும் ஒலிப்பது அத்திருத்திய வடிவமே. நெவூ அரங்கேற்றியது அதுவன்று.