கன்னியா: எரிமலை இல்லாத வெந்நீர்

ஜப்பானின் தெற்கே, கியூஷூ தீவின் ககோஷிமா மாநிலத்தில், இபுசுகி என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. அங்கே சுற்றுலா வருகிறவர்களை மணலில் புதைக்கிறார்கள். யுகாதா என்கிற பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு கடற்கரையில் வரிசையாக மல்லாந்து படுத்தால், மண்வெட்டியோடு நிற்கும் பணியாளர்கள் கழுத்துவரைக்கும் கருமணலை அள்ளிப்போட்டு மூடிவிடுவார்கள். மணலுக்கு அடியில் வெந்நீர் ஓடுகிறது. மணலின் சூடு 50 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதனால் 10 நிமிஷம் போதும், வேர்த்துக் கொட்டிவிடும். 300 வருஷத்துக்கு மேலாக இது நடந்துவருகிறது. ஆரம்பத்தில் உடம்புவலிக்கு வைத்தியம், இப்போது ஒருநாள் சுற்றுலாவில் கட்டாயம் இடம்பெறும் ஒரு நிறுத்தம். ‘இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்டால் வழிகாட்டிக்கு வேலையே இல்லை, கையை நீட்டினால் போதும். கூம்பு மாதிரி நிற்கிறது 924 மீட்டர் உயரமுள்ள கைமோன்டாகே. கடைசியாக 885-இல் வெடித்த எரிமலை.

தமிழ் பேசுகிற நிலத்தில் இதற்குக் கிட்டத்தில் வரக்கூடிய இடம் எது என்று யோசித்தால், எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: இலங்கையில், திருகோணமலை நகரத்திலிருந்து வடமேற்கே 8 கிலோமீட்டர் போல உள்ளே இருக்கும் கன்னியா வெந்நீரூற்று. மணல் இல்லை, கடல் இல்லை, எரிமலை சுத்தமாக இல்லை. சின்னச் சின்னதாக ஏழு கிணறுகள். கிணறு என்று சொன்னதும் எங்கள் போளூர்ப் பக்கத்து வயல்கிணறுகளை நினைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று நாலு அடி ஆழம்தான் இருக்கும். கட்டிவிட்ட தொட்டிகள் மாதிரி சதுரமாக, குனிந்து வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. உள்ளே இறங்கிக் குளிக்க முடியாது. தண்ணீர் 40 டிகிரியை ஒட்டிய சூடு. ஒன்றில் கொஞ்சம் கூடுதல், பக்கத்தில் இருப்பதில் கொஞ்சம் குறைச்சல். நாங்கள் வேனில் போன ஒருநாள் சுற்றுலாவில் காலையில் கோணேஸ்வரம், மத்தியானம் கன்னியா, சாயங்காலம் நிலாவெளிக் கடற்கரை என்று திட்டம். “ஏழிலயும் ஊத்திப் பாருங்கோ, ஒண்டுக்கொண்டு வித்தியாசம் தெரியும்” என்றார் வழிகாட்டி. ஊற்றிப் பார்த்தோம். தெரிந்தது.

எரிமலை இல்லாமல் இந்தச் சூடு எப்படி? பூமிக்குள் கீழே போகப் போகச் சூடு ஏறுகிறது, சாதாரணமாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. பூமி உருவானபோதே மிஞ்சிய வெப்பமும், பாறைகளில் இருக்கிற யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருகிற வெப்பமும் சேர்ந்து செய்கிற வேலை இது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக ரொம்ப ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, வேறொரு வெடிப்பு வழியாக ஆறுவதற்குள் மேலே வந்துவிட்டால் வெந்நீரூற்று. அதற்கு ஆழமான, தொடர்ச்சியான வெடிப்புகள் வேண்டும். இலங்கையின் கிழக்குப் பக்கம் இரண்டு பழைய பாறைத்தொகுதிகள் ஒன்றோடொன்று உரசிப் பொருந்தியிருக்கும் எல்லை ஒன்று தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலஸ்ஸ, நடுவில் 50 டிகிரியைத் தாண்டும் மகா ஓயா, வடகிழக்கில் கன்னியா என்று வெந்நீரூற்றுகள் ஏறக்குறைய இந்த வரிசையிலேயே அமைந்திருப்பது தற்செயல் இல்லை.

இந்தப் பாறைகள் நமக்கு அந்நியமானவையும் இல்லை. கோண்டுவானா என்கிற பழைய பெருங்கண்டத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஜவ்வாது மலைப்பக்கம் நாங்கள் சின்ன வயசில் ஏறி விளையாடிய அந்தக் கெட்டியான பழம்பாறைகளும் இலங்கை மலைநாட்டுப் பாறைகளும் ஒரே குடும்பம் என்று சொல்லலாம். ஆனால் எங்கள் ஊரில் வெந்நீர் என்றால் அடுப்பில் வைத்ததுதான். பட்டுநூலின் பசையைப் போக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கிற அண்டா, சாயம் ஏற்றுகிற அண்டா. ஆரணிப் பக்கம் பட்டுத்தொழில் நடக்கிற எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம். பூமியே சுட வைத்துக் கொடுத்தால் எவ்வளவு விறகு மிச்சம் என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னால், 40 டிகிரி தண்ணீரில் பட்டு பசை விடாது என்பார்கள். உண்மைதான்.

வழிகாட்டி சொன்ன காரணம் வேறு. அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். இராவணன் தன் தாய் வழிபடுவதற்காகக் கோணேசர் மலையையே பெயர்த்தெடுக்கப் பார்த்தான். கோணேஸ்வரம் இருக்கிற சுவாமிமலையில் பாறை பிளந்த ஒரு பெரிய வெட்டை இன்றைக்கும் இராவணன் வெட்டு என்றுதான் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் திருமால் அந்தணர் வேஷத்தில் வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்கிறார். அவளுக்குக் கடன் செய்யத் தண்ணீர் வேண்டும். இராவணன் ஏழு இடத்தில் தரையைக் குத்த, ஏழு ஊற்று பொங்கியது.

சென்னையிலிருந்து போகிற இராமாயணச் சுற்றுலாக்காரர்கள் இந்தக் கதையை அசோக வனத்துக்கு அடுத்த நிறுத்தமாகக் கேட்டுவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கதையின் மையம் இராவணன் இல்லை, செத்துப்போன அம்மா. பத்துத் தலை, புஷ்பக விமானம், சிவன் கட்டைவிரல் எல்லாம் இருக்கட்டும், இங்கே அவன் தாய்க்குக் கடன் தீர்க்க நிற்கிற ஒரு மகன், அவ்வளவுதான். கதை ஒரு சடங்கைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் அந்தியேட்டி என்று ஒரு கிரியை உண்டு, இறந்த 31-ஆம் நாள் செய்வது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் அதற்குக் கீரிமலைக்குப் போவார்கள். அங்கே கடலுக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து குளிர்ந்த நன்னீர் ஊறுகிறது. திருகோணமலைக்காரர்களுக்குக் கன்னியா. ஒன்று குளிர்ந்த நீர், ஒன்று சுடுநீர். இரண்டிலும் தண்ணீர் எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத குணத்தோடு வருகிறது. அப்படிப்பட்ட தண்ணீரைத்தான் சாவுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கிணறுகளுக்கு வேறு மாதிரி விருந்தாளிகள் வந்தார்கள். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி ஜான் டேவி, இராணுவ மருத்துவராக 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தவர். 1821-இல் வந்த தன் இலங்கைப் புத்தகத்தில் கன்னியாவைப் பற்றியும் எழுதினார், அண்ணனைப் போலவே எதையும் அளந்து பார்க்கிற கை. அதைவிட எனக்கு வேடிக்கையாகத் தெரிவது மீன்தான். கன்னியா ஊற்றிலிருந்து ரெய்னோ என்ற பிரெஞ்சுக்காரர் பிடித்துப் பாரிசுக்குக் கொண்டுபோன மீன்களில் ஒன்றுக்கு, 1844-இல் வலான்சியென் என்ற விலங்கியலாளர் ‘தெர்மாலிஸ்’, அதாவது சூட்டுக்குரியது, என்று பெயர் வைத்தார். இன்றைக்கு அது புண்டியஸ் தெர்மாலிஸ். உண்மையில் அது வெந்நீருக்கென்று பிறந்த மீன் இல்லை. குளத்திலும் வயல் வாய்க்காலிலும் திரிகிற சாதாரணச் சின்னக் கெண்டை. பிடிபட்ட இடம் அப்படி, பேரில் ஒட்டிக்கொண்டது.

பேர் ஒட்டிக்கொள்கிற விஷயம் 2011-க்குப் பிறகு இவ்வளவு வேடிக்கையாக இல்லை. போர் 2009 மே மாதம் முடிந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வரத் தொடங்கினார்கள். 2011-இல் கன்னியா தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. இந்த இடம் பழைய பௌத்த மடாலயத்தின் பகுதி என்று சொல்கிற அறிவிப்பும் வந்தது. கிணறுகளுக்குப் பக்கத்தில் பழைய பிள்ளையார் கோயில் ஒன்றின் அடித்தளம் இருந்தது. அந்த இடத்தில் விகாரை எழுப்பப் பார்க்கிறார்கள் என்று சொல்லி 2019 ஜூலையில் தமிழர்கள் பெருந்திரளாகப் போராட வந்தார்கள். போலீஸ் தடுத்தது. வந்தவர்களில் ஒரு ஆதீனத் தலைவர் மேல் சூடான தேநீரை ஊற்றினார்கள். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது, இந்துக்கள் போய்வருவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது.

இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: யார் முதலில்? நான் பிழைப்புக்குச் செய்கிற மென்பொருள் வேலையில், ஒரு வரியை யார் எழுதினார் என்று காட்டுகிற கட்டளை ஒன்று உண்டு. அதன் பெயரே ‘பிளேம்’, குற்றஞ்சாட்டு. அது பெயரைக் காட்டும். அந்த வரியை இன்றைக்கு யார் நம்பியிருக்கிறார்கள் என்பதைக் காட்டவே காட்டாது.

சரி, யார் முதலில் என்றே கேட்போம். அங்கேயும் பதில் எதிர்பார்த்த மாதிரி வராது. கன்னியாவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பெரியகுளத்துப் பக்கம், வெல்கம் விகாரை இருக்கிறது. தமிழர்கள் அதை நாதனார் கோவில் என்று சொல்வார்கள். அது பழைய பௌத்த விகாரை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே கிடைத்த 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. சோழர் ஆட்சியில் அந்த விகாரைக்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கப் பசுக்களையும் பிறவற்றையும் கொடுத்தவர்கள் தமிழ்ப் பெயர் உள்ளவர்கள். அதாவது, பௌத்தச் சின்னம் ஒன்று மண்ணுக்கடியில் கிடைத்தால் அது தமிழருடையது இல்லை என்று காட்டிவிட்டதாக நினைப்பவர்களுக்கும், அதே பயத்தில் பௌத்தச் சின்னமே இங்கே இல்லை என்று சாதிப்பவர்களுக்கும், இந்தக் கற்கள் ஒன்றுபோல இடைஞ்சல்.

இது எனக்குப் புதுசாகத் தெரியவில்லை. காரணம், போளூருக்கும் ஆரணிக்கும் இடையில், வடமாதிமங்கலம் பக்கம் இருக்கிற திருமலை. அது சமணர் மலை. சுமார் 16 மீட்டர் உயரத்துக்கு நேமிநாதரைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ராஜராஜனின் அக்கா குந்தவையின் பெயரால் குந்தவை ஜினாலயம் என்று ஒரு கோயிலும் அங்கே உண்டு. எங்கள் வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றைக்கும் வாழ்கிறார்கள், நயினார் என்போம். கூடப் படித்தவர்களில், ராத்திரியில் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிப் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடுகிற பையன் ஒருத்தனாவது எல்லா வகுப்பிலும் இருப்பான்.

அந்தத் திருமலைப் பாறையில் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி வெட்டப்பட்டிருக்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்தாளுகிற கல்வெட்டு அது. அவன் வென்ற நாடுகளின் நீண்ட பட்டியல்: ஈழத்து அரசர் முடி, அவர் தேவியர் முடி எல்லாவற்றையும் சொல்லிக் கங்கை வரைக்கும் போகிறது. ஈழத்து அரசன் ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டுக்குச் சிறைப்பட்டு வந்து இங்கேயே இறந்தவன். படிக்கிறவர்கள் பெரும்பாலும் பட்டியலோடு நிறுத்திக்கொள்வார்கள். கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்று கடைசிவரைக்கும் போய்ப் பார்த்தால், ஒரு வணிகரின் மனைவி குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் திருவமுதுக்கும் காசு கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். ராஜா ஈழத்தைக் கொள்ளையடித்ததெல்லாம் அந்த அம்மாள் கொடுத்த காசுக்கு முகவுரை.

ஒரே வம்சத்தின் ஆட்சியில், ஒரே தலைமுறையில், போளூர்ப் பக்கம் சமணக் கோயிலில் ஒரு விளக்கு, கன்னியாவுக்குப் பக்கத்தில் பௌத்தப் பள்ளியில் ஒரு விளக்கு, இரண்டுக்கும் தமிழில் கணக்கு. படையெடுப்பை நான் வெள்ளையடிக்கவில்லை. அநுராதபுரத்தைச் சோழர் சூறையாடியது சூறைதான், சிங்கள மக்களின் நினைவில் அது இருப்பதற்கு நியாயம் உண்டு. நான் சொல்வது, அந்த நூற்றாண்டின் ஆவணங்களை எடுத்து இன்றைய வேலியை நட முடியாது என்பது மட்டும்.

கன்னியாவில் மண்ணுக்குக் கீழே என்ன இருந்தாலும், அதை ஆராயட்டும், பாதுகாக்கட்டும். என் கவலை மண்ணுக்கு மேலே வருகிறவர்களைப் பற்றியது. நாங்கள் போன மத்தியானம் குளிக்க வந்த கூட்டம் செல்ஃபியும் ஷாம்பூவுமாக இருந்தது. நாங்களும் அதில்தான் சேர்த்தி. அந்தியேட்டிக்கு வருகிற குடும்பம், மொட்டையடித்த மகன், ஐயர், எள், தர்ப்பை எல்லாவற்றோடும் இதே வரிசையில் நின்று, இதே வாளியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இபுசுகியில் புதைபடப் போகிறவர்களுக்கே உடை மாற்ற ஒரு அறை, படுக்க ஓர் இடம், மேலே ஒரு கூரை என்று ஏற்பாடு இருக்கிறது. இங்கே வேண்டியது அவ்வளவுகூட இல்லை. ஏழு கிணற்றில் ஒன்றைக் காலை 9 மணிவரைக்கும் கிரியைக்கு என்று விடலாம். அறிவிப்புப் பலகையில், இந்த ஊர்த் தமிழர்கள் தாய் தகப்பனுக்கு 31-ஆம் நாள் கடன் செய்ய இங்கே வருவார்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்க்கலாம். பலகையில் இடம் இருக்கிறது.