யாரும் தொடாத பட்டன்

குள்ளஞ்சாவடியிலிருந்து வடலூர் பக்கம் போகிற தார்ச் சாலையில் நின்று பாருங்கள். காலடியில் ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியாகத் தெரியும். நாலு பர்லாங் தள்ளி வெறும் சாம்பல் பட்டைதான். கண் தானாகவே சராசரி போட்டுக்கொள்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, யாராவது சொல்லித்தர வேண்டும்.

1974-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் என்ற மாணவர், கம்ப்யூட்டர் வரைந்த மொட்டை உருவங்களின்மேல் படத்தைப் போர்த்தும் வித்தையைத் தன் டாக்டர் பட்ட ஆய்வில் காட்டினார். (பிற்பாடு பிக்ஸாரை ஆரம்பித்தவர்களில் ஒருவர்.) அந்தப் போர்வைக்குப் பெயர் டெக்ஸ்ச்சர்.

சிக்கல் தூரத்தில்தான். திரையின் ஒரே புள்ளிக்குள் நூறு ஜல்லி வந்து விழும். எதன் நிறத்தைப் போடுவது? கைக்கு வந்த ஒன்றை எடுத்தால், கேமரா நகரும்போது சாலை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி மினுமினுக்கும். 1983-ல் லான்ஸ் வில்லியம்ஸ் வழி சொன்னார்: அதே படத்தைப் பாதி, கால், அரைக்கால், மாகாணி என்று சுருக்கி முன்கூட்டியே வைத்துக்கொள், தூரத்துக்குத் தக்கதை எடு. பெயர் மிப்மேப். மெமரி மூன்றில் ஒரு பங்குதான் அதிகம்.

சரி, எதை எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பது யார்? டீக்கடையில் 'ஒரு டீ' என்றால் சர்க்கரை போட்டுத்தான் வரும். வேண்டாதவர்தான் வாய் திறக்கணும். கம்ப்யூட்டரில் இதற்கு டீஃபால்ட் என்று பெயர்.

1992-ல் வந்த ஓப்பன்ஜிஎல், ஒன்றும் சொல்லாவிட்டால் மிப்மேப் தயாராக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு படத்தைக் கொடுத்த புது புரோகிராமர்களுக்குக் கிடைத்தது வெள்ளைச் சுவர்! தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆனாலும் நேர்மையான தப்பு. உடனே கண்ணில் பட்டுவிடும்.

கண்ணில் படாத தப்பு 2001-ல் வந்தது. ஏடிஐ கம்பெனியின் ரேடியான் 8500 கார்டுக்கான டிரைவர், 'குவேக்' விளையாட்டின் பெயரைப் பார்த்ததும் டெக்ஸ்ச்சர் தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்து வேகத்தைக் கூட்டியது. சிலர் அந்த ஃபைலில் 'குவேக்' என்பதைக் 'குவாக்' என்று மாற்றிப் பார்த்தார்கள். வேகம் இறங்கியது, படம் பளிச்சென்று ஆனது. குட்டு வெளிப்பட்டது.

அதுவரை போனது படத்தின் அழகு மட்டும். 2011-ல் வெப்ஜிஎல் வந்து, இணையப் பக்கங்களே கிராபிக்ஸ் கார்டைத் தொட ஆரம்பித்தன. ஒரு தளம் இன்னொரு தளத்தின் படத்தை டெக்ஸ்ச்சராகப் போர்த்தி, வரைய ஆகும் நேரத்தை அளந்தே அது என்ன படம் என்று கண்டுபிடிக்க முடியும் எனப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அதே வருஷம் ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 5 அந்தக் கதவைச் சாத்தியது. பிறகு, படத்துக்குரிய தளம் சம்மதித்தால் மட்டும் அனுமதி என்றானது. வெப்ஜிஎல் விதிகளில் இன்னொன்றும் உண்டு: படம் கொடுக்காத டெக்ஸ்ச்சர் இடத்தைப் பூஜ்ஜியத்தால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அங்கே கிடக்கிற அடுத்தவர் எச்சம் வெளியே தெரிந்துவிடும்.

கேம் ஆடுகிற பையன் செட்டிங்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அவன் வாய் திறக்காதபோது அவனுக்காக முடிவெடுப்பவர், முதலில் யோசிக்க வேண்டியது வேகத்தையா, அவன் பத்திரத்தையா? வெள்ளைச் சுவரே தேவலை.