சபித்ரா போனார், சேது என்ன ஆனது?

விளையாட்டு ரசிகர்களுக்கு என்று ஒரு தனிக் கவலை உண்டு. நம் அணியில் நன்றாக ஆடுகிறவரை வேறு அணிக்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்கிற கவலை. ஐ.பி.எல். ஏலம் வந்தபின் கிரிக்கெட்டில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. நான் இங்கே எழுத வந்தது பெண்கள் கால்பந்தைப் பற்றி. அங்கேயும் இந்தக் கவலை உண்டு. ஆனால் அதன் வரலாறு வேறு மாதிரி.

திருவெறும்பூர்க்காரர்களுக்குக் கால்பந்து புதிதல்ல. ஒரு பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை, இன்னொரு பக்கம் பெல் தொழிற்சாலை, அதைத் தாண்டினால் துப்பாக்கித் தொழிற்சாலை. எங்கள் காலத்தில் நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும். கிடைத்துவிட்டால் ஆடுகிற வரை அந்த அணிதான். அணி மாறுவது என்றால் பி.எஃப். கணக்கை முடித்துக்கொண்டு போகிற விஷயம். யார் அதைச் செய்வார்கள்? அதனால் "நம்ம ஆள் போய்விடுவாரோ" என்ற கவலையே எங்களுக்கு வந்ததில்லை. எனக்கு அது வந்தது பணி ஓய்வுக்குப் பிறகு, மதுரை சேது எஃப்.சி. அணியால்.

2019 மே மாதம் பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக்கின் மூன்றாவது ஆண்டுப் போட்டிகள் நடந்தன. இறுதி ஆட்டத்தில் சேது, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. மணிப்பூர் என்றால் பெண்கள் கால்பந்தின் தாய்வீடு. அவர்களை வென்று ஒரு தமிழ்நாட்டு அணி கோப்பையைத் தூக்கியது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த அணியில் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இருந்தார். நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரியும் இருந்தார். பந்து அவர் காலுக்கு வந்தால் கோல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அடுத்த ஆண்டு சபித்ரா சேதுவில் இல்லை. கோகுலம் கேரளா அணியில் இருந்தார். 2020 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த அரையிறுதியில் அதே கோகுலம் சேதுவைத் தோற்கடித்து வெளியே அனுப்பியது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூரின் கிரிப்சா அணியை 3-2 என்று வென்றார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சபித்ராவேதான்.

ரசிகனுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன வேண்டும்? கோபம் வருவது இயல்பு. ஆனால் கோபப்படுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தியப் பெண்கள் லீக் முதல்முதலாக 2017ல் டெல்லியில் நடந்தது. ஆறு அணிகள் ஆடிய பிரதானச் சுற்று ஜனவரி 28ல் தொடங்கி பிப்ரவரி 14ல் முடிந்தது. மொத்தம் 18 நாட்கள்! ஆண்டின் மீதி 347 நாட்களும் அந்தப் பெண்கள் என்ன செய்வது? அதற்குப் பின் ஷில்லாங், லூதியானா, பெங்களூர் என்று ஆண்டுக்கு ஓர் ஊரில் எல்லா அணிகளையும் கூட்டி, சில வாரங்களில் நடத்தி முடித்தார்கள். இப்படிப்பட்ட லீக்கில் ஓர் ஆட்டக்காரர் அணியை "விட்டுப் போகிறார்" என்று சொல்வதே பொருந்தாது. ஆண்டு முழுவதும் தங்குவதற்கு அங்கே என்ன இருந்தது?

இதற்கும் முன்னால் போனால் கதை இன்னும் வருத்தமானது. இந்தியப் பெண்கள் கால்பந்து சம்மேளனம் 1975ல் தொடங்கப்பட்டது. 1980ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம். 1983ல் மறுபடியும் இரண்டாம் இடம். அந்த ஆண்டு சாந்தி மல்லிக்கிற்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அந்தத் தலைமுறையை எந்த வெளிநாட்டு கிளப்பும் கொத்திக்கொண்டு போகவில்லை. எல்லோரும் இங்கேயேதான் இருந்தார்கள். ஆனால் தேசிய லீக் என்று ஒன்று வருவதற்குள் அவர்கள் ஆடும் வயதைத் தாண்டிவிட்டார்கள். நட்சத்திரங்கள் போகாமல் இருந்ததால் மட்டும் ஆட்டம் வளர்ந்துவிடவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்று ஒரு தொழிற்சாலை இருந்தது. முதல் உலகப்போரில் அங்கே வெடிகுண்டுத் தளவாடங்கள் செய்தார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் வேலைக்கு வந்த பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் பந்து உதைக்கத் தொடங்கி, ஓர் அணியையே உருவாக்கினார்கள். தொழிற்சாலை வாழ்க்கை தெரிந்த நமக்கு இது எளிதாகப் புரியும். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கீழுள்ள கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்று உத்தரவு போட்டது. பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லையாம்! அந்தத் தடை நீங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த அணியின் நட்சத்திரம் லில்லி பார், மனநல மருத்துவமனையில் செவிலியர் வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினார். அவர் எங்கும் போகவில்லை. மைதானம்தான் போய்விட்டது.

நூறு ஆண்டுகள் கழித்து, வேறு காரணத்தால், அதே மாதிரி ஒன்று நம் பெண்களுக்கும் நடந்தது. 2022 மே மாதம் புவனேஸ்வரத்தில் லீக்கின் கடைசி ஆட்டம். சேதுவும் கோகுலமும் அதுவரை தோற்காமல் வந்து மோதின. சேது மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். முடிவில் கோகுலம் 3-1 என்று வென்றது. அவர்களுக்காகக் கோல் போட்டவர்களில் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண். முந்தைய நவம்பரில் பிரேசிலுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்த அதே மனிஷா.

அந்தக் கோடையில் மனிஷா கோகுலத்தை விட்டு, சைப்ரஸ் நாட்டின் அப்பல்லோன் அணிக்குப் போனார். இப்போது கோகுலம் ரசிகர்களின் முறை, கவலைப்படுவதற்கு. ஆகஸ்ட் மாதம் கோகுலம் பெண்கள் ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்குப் போய் இறங்கினார்கள். அதே நேரத்தில், நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருக்கிறது என்று சொல்லி ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தைத் தடை செய்துவிட்டது. நிர்வாகிகளின் தகராறு, தண்டனை ஆடப் போன பெண்களுக்கு. தாஷ்கண்ட் வரை போன அணி ஓர் ஆட்டம் கூட ஆடாமல் திரும்பியது. ஆகஸ்ட் 26ல் தடை நீங்கியபோது அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருந்தது.

அதே வாரம், ஆகஸ்ட் 18 அன்று, மனிஷா சைப்ரஸில் அப்பல்லோனுக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் களம் இறங்கினார். அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். போனவர் ஆடினார். இருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். இதைப் பார்த்த பிறகு, போகிற பெண்ணைப் பார்த்து "துரோகம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

2020ம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில் மணிப்பூரின் பாலா தேவி, ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் ஒப்பந்தமாகி கிளாஸ்கோவுக்குப் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே தன் முதல் கோலையும் அடித்தார். நம் இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அதே ஆண்டு கொரோனா ஊரடங்கில் சென்னையில் சாலைப் பணியில் நின்றார். இருவரையும் நான் மதிக்கிறேன். அரசு வேலைதான் நம் ஊர்ப் பெண்ணை ஆட்டத்தில் நிற்க வைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் காக்கிச் சட்டையின் சம்பளம் இல்லாமல் காலால் மட்டும் சம்பாதித்து இங்கே ஒரு பெண் வாழ முடியுமா என்ற கேள்விக்கு, நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

ரசிகனின் கவலையில் நியாயமான பகுதியும் ஒன்று உண்டு. ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் பந்தைக் கொடுத்து, காலணி வாங்கிக் கொடுத்து வளர்த்த சின்ன அகாடமிக்கு என்ன மிச்சம்? ஆண்கள் கால்பந்தில், இளம் வீரர் வெளிநாட்டுக் கிளப்புக்குப் போகும்போது அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு தர வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. அந்த விதி பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளே சொல்லின. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் நவோமி கிர்மா சான் டியாகோவிலிருந்து லண்டனின் செல்சிக்குப் போனபோது, பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார். அங்கே நட்சத்திரத்தை இழந்த கிளப்பின் கையில் அடுத்தவரைத் தேடப் பணமாவது இருந்தது. கடலூரிலோ மதுரையிலோ வளர்க்கிறவர் கையில் என்ன இருக்கும்? கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

சபித்ராவின் கதையையும் முடித்துவிடுகிறேன். 2022-23ல் மறுபடி கோகுலத்துக்கு வந்து லீக்கிலேயே அதிக கோல் அடித்தார். பிறகு இஸ்ரேல், அங்கிருந்து பிரான்ஸின் கெங்காம்ப், அதன்பின் நியூசிலாந்தின் வெலிங்டன் பீனிக்ஸ். மதுரை அணிச் சட்டையில் நாம் பார்த்த பெண் பிரான்ஸ் முதல் டிவிஷனில் ஆடினார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சேது? அவர் போனதால் மூழ்கிவிடவில்லை. இரண்டே ஆண்டில் மறுபடி கோப்பைக்கு ஒரு ஆட்டம் வரை வந்தார்களே. தமிழ்நாட்டு அணியும் 2018ல் கோலாப்பூரில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் தேசியப் பட்டம் பெற்றது. 2023ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாவது பட்டம். இந்துமதி 2023-24க்கான சம்மேளனத்தின் சிறந்த பெண் ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். லீக்கும் 2023-24ல் சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் முறைக்கு வந்து, சில மாதங்களாவது நீண்டது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

ஆகவே என்னைப் போன்ற ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல ஆட்டக்காரர் போகிறார் என்ற செய்தி வந்தால், வாழ்த்தி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு லீக் எத்தனை மாதம் நடக்கிறது, நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பெண் பிள்ளைகள் ஆட இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நட்சத்திரம் போனால் இன்னொன்று வரும். மைதானம் போனால் ஐம்பது வருடம் ஆகும்.