திங்கள்தோறும் வந்த பட்டறை

1977-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்த 'இன்டர்ஃபேஸ் ஏஜ்' என்னும் கணிப்பொறி இதழைப் பிரித்தவர்களுக்கு, உள்ளே மெல்லிய இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. அதில் பாட்டில்லை. வீட்டு ரெக்கார்டு பிளேயரில் அதைச் சுழலவிட்டு, எழும் கீச்சொலியைக் கம்பி வழியே கணிப்பொறிக்குள் செலுத்தினால், பேசிக் என்னும் கணிப்பொறி மொழி அந்தப் பொறியின் நினைவகத்தில் வந்து அமரும். இசைப் பிரியரின் மேசையும் கணிப்பொறிப் பித்தரின் மேசையும் ஒன்றாகவே இருந்த காலம் அது. அவ்விருவரையும் வளர்த்தெடுத்த இதழ்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

இந்த மரபின் வேர் வானொலியில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1913 முதல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பெயரில் வந்த இதழை எடுத்துக்கொள்வோம். விண்வெளியில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் எழுதியது இவ்விதழில்தான். (பின்னாளில் அவர் இலங்கையில் குடியேறி, 2008-இல் அங்கேயே கண்மூடினார்.) ஆயினும் வாசகர்களின் கைகளுக்கு வேலை கொடுத்த கட்டுரை வேறு. 1947 ஏப்ரல், மே இதழ்களில் டி. டி. என். வில்லியம்சன் என்னும் பொறியாளர் ஒரு வால்வு ஆம்பிளிஃபயரின் வரைபடத்தை வெளியிட்டார். அதன் டிரான்ஸ்ஃபார்மரில் கம்பியை எவ்வாறு சுற்ற வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. கடையில் வாங்க முடியாத தெளிவான இசையைத் தம் கையால் செய்து கேட்கலாம் என்று கண்ட வாசகர்கள் அதைச் செய்து பார்த்தனர், ஐயங்களை எழுதினர். 1949 ஆகஸ்டில் அவரே திருத்திய வடிவத்தை அதே இதழில் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் 'ஆடியோ எஞ்சினியரிங்' இதழ் அதைத் தன் நாட்டு உதிரிப்பாகங்களுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தது. 1951-இல் ஹாஃப்லரும் கெரோஸும் அதே இதழில் இன்னும் ஒரு படி முன்னேற்றினர். கடல் கடந்த ஓர் உரையாடல், மாதம் ஒரு மடலாக நடந்தேறியது!

கணிப்பொறியும் இவ்வழியாகவே வீட்டிற்குள் நுழைந்தது. 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் 1975 ஜனவரி அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் கணிப்பொறியின் படம் வந்தது. உதிரியாக வாங்கி நாமே பற்றவைத்துப் பூட்டிக்கொண்டால் விலை 397 டாலர். அட்டையில் நின்றதோ வெற்றுப் பெட்டி. செய்து அனுப்பிய உண்மையான பொறி வழியிலேயே தொலைந்துபோயிருந்தது. அந்த இதழை ஹார்வர்டு சதுக்கத்துப் பத்திரிகைக் கடையில் கண்ட பால் ஆலன், அதை வாங்கிக்கொண்டு நண்பர் பில் கேட்ஸிடம் விரைந்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பிறந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அவ்வாண்டு செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோ என்னும் சிற்றூரிலிருந்து 'பைட்' இதழ் வரத் தொடங்கியது. இரண்டே மாதங்களில் அது செய்த செயல் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவில் பதிய ஆளுக்கொரு முறை வைத்திருந்தனர்; ஒருவரின் நாடா மற்றவரின் பொறியில் ஓடாது. 'பைட்' அவர்களைக் கான்சாஸ் நகருக்கு அழைத்து ஒன்றாக உட்காரவைத்தது. ஒன்றுக்கு நொடிக்கு 2400 அதிர்வு, சுழிக்கு 1200 என்று உடன்பாடு பிறந்தது. அரசும் இல்லை, பெருநிறுவனமும் இல்லை. பொழுதுபோக்குக்காரர்களின் இதழொன்று ஒரு தொழில்நுட்பத்திற்கு நெறி வகுத்தது. தொடக்கத்தில் நான் கூறிய இசைத்தட்டில் ஒலித்தது இந்நெறிப்படி அமைந்த கீச்சொலியே.

அக்கால இதழ்களின் வாசகர் வெறும் வாசகரல்லர். பக்கம் பக்கமாக அச்சான நிரல்களைத் தம் விரலால் தட்டச்சு செய்தாக வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஓடாது. பிழை தம்முடையதா, அச்சகத்தினுடையதா என்று அறிய அடுத்த மாதத் திருத்தக் குறிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த அவதியைத் தணிக்க 1983-இல் 'கம்ப்யூட்!' குழுமத்தினர், தட்டச்சான ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும் சிறு நிரல் ஒன்றையே வெளியிட்டனர். அதையும் தட்டச்சு செய்துதான் பெற வேண்டும்! இவ்வளவு பாடுபட்டுப் பெற்றது பெரும்பாலும் ஓர் எளிய விளையாட்டு. ஆனால் தட்டச்சு செய்தவருக்கு அதன் உள்ளும் புறமும் தெரிந்திருந்தது.

பிறகு ஏன் வீழ்ந்தன? வாசகர் மனம் மாறியதால் என்று கூறிவிடுவது எளிது. அது பாதி உண்மை. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தக் கணிப்பொறி வந்தபின், வாங்கியவருக்குப் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை குறைந்தது. விந்தை என்னவெனில், அப்போது இதழ்கள் வீழவில்லை; பருத்தன. 'பைட்' 600 பக்கங்களையும் கடந்தது. ஆனால் பருக்கச் செய்தவை விளம்பரங்கள். எதைச் செய்யலாம் என்று சொல்லிவந்த பக்கங்கள், எதை வாங்கலாம் என்று சொல்லத் தொடங்கின. வீட்டில் செய்யும் மின்சுற்றுகளைப் பற்றி 'பைட்' இதழில் 1977 முதல் எழுதிவந்த ஸ்டீவ் சியார்சியா, 1988-இல் விலகித் தமக்கென ஓர் இதழ் கண்டார். என் கணிப்பில், 'பைட்' தன் உயிரை இழந்தது அவ்வாண்டிலேதான். உடல் இன்னும் பத்தாண்டு நடமாடியது.

எஞ்சியதைச் சுருக்கமாகவே கூறிவிடலாம். 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பெயர் மாறி 1985-இல் நின்றது. டேவிட் ஆல் தொடங்கிய 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' இதழும் அவ்வாண்டே நின்றது. உதிரிப்பாகத் தொகுப்புகளுக்குப் பேர்போன ஹீத்கிட் 1992-இல் அத்தொழிலைக் கைவிட்டது. உதிரிப்பாகங்கள் அரிசிமணியினும் சிறுத்து, மனிதக் கைக்கும் கண்ணுக்கும் எட்டாதவையாகிக் கொண்டிருந்தன. 1998 ஜூலையோடு 'பைட்' முடிந்தது. 'ஆடியோ எஞ்சினியரிங்' பெயர் சுருங்கி 'ஆடியோ' என்று வந்தது. அதுவும் 2000-இல் விடைபெற்றது. விளம்பரங்கள் இணையத்திற்குக் குடிபெயர, 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் 'மேக்சிமம் பி.சி.', 'மேக்லைஃப்' ஆகிய இரண்டும் தம் இறுதி அச்சிதழை வெளியிட்டன.

அக்காலம் பொற்காலம் என்று நான் வாதிடவில்லை. அப்பக்கங்களில் பெண்களின் பெயர்கள் அரிது. 397 டாலரும் எளிய குடும்பத்திற்கு எட்டாத தொகையே. இன்று அதே வரைபடங்கள் ஒரு நொடியில், இலவசமாகவே கிடைக்கின்றன.

அவ்விதழ்களுள் பலவற்றை யாரோ அன்புள்ளவர்கள் பக்கம் பக்கமாகப் படியெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அண்மையில் அவற்றுள் ஒன்றைப் புரட்டினேன். நீண்ட நிரல் ஒன்றின் நடுவே ஒரு வரியைப் பேனாவால் அடித்து, மேலே சரியான எண்ணைச் சிறு எழுத்தில் எழுதி, ஓரத்தில் அடுத்த மாதத்தின் பெயரைக் குறித்திருந்தார், எந்த ஊரினரோ அறியேன். அதன்பின் நிரல் ஓடியதா என்று அவர் எழுதி வைக்கவில்லை.