ஜேர்மன் சமூக ஜனநாயகக் கட்சி: பெயரும் பொருளும்

ஜேர்மனியில் வாழும் எம்மவர்களிடம் எஸ்.பே.டே. எனப்படும் சமூக ஜனநாயகக் கட்சியைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். வெளிநாட்டவருக்கு ஆதரவான கட்சி என்பார் ஒருவர். எங்கள் வழியை அடைத்ததே அவர்கள்தான் என்பார் இன்னொருவர். இருவருமே சான்று காட்டுவார்கள். இந்தக் கருத்து வேறுபாடு எம்மவர்களோடு தொடங்கியதல்ல. அது கட்சியின் பிறப்போடு சேர்ந்தே பிறந்தது.

1863ஆம் ஆண்டு மே 23ஆம் திகதி லைப்சிக் நகரில் பேர்டினண்ட் லசால் தொடங்கிய தொழிலாளர் சங்கத்தையே கட்சி தன் தொடக்கமாகக் கொள்கிறது. இருக்கின்ற அரசை வாக்குரிமை மூலம் தொழிலாளருக்குப் பயன்பட வைக்கலாம் என்பது லசாலின் நம்பிக்கை. 1869இல் ஐசனாக்கில் ஆகுஸ்ட் பேபெலும் வில்ஹெல்ம் லீப்க்னெக்டும் தொடங்கிய கட்சியோ மார்க்சுக்கு நெருக்கமானது. இவ்விரண்டும் 1875இல் கோதா நகரில் இணைந்தபோது எழுதிய திட்டத்தைப் படித்த மார்க்ஸ், லண்டனிலிருந்து கடுமையான விமர்சனம் ஒன்றை எழுதி அனுப்பினார். அதை ஏங்கல்ஸ் வெளியிட்டது 1891இல்தான். அதே ஆண்டு ஏர்பூர்ட் மாநாட்டில் புதிய திட்டம் நிறைவேறியது. முதலாளியத்தின் வீழ்ச்சியைக் கூறும் அதன் கோட்பாட்டுப் பகுதியைக் கார்ல் கவுட்ஸ்கி எழுதினார். பெண்களுக்கும் வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, இலவச மருத்துவம் என்ற நடைமுறைக் கோரிக்கைகளை எடுவார்ட் பேர்ன்ஸ்டைன் எழுதினார். ஒரே ஆவணத்துக்குள் இரண்டு கட்சிகள் இருந்தன என்றே சொல்லலாம்.

இதை வெளிப்படையாகச் சொன்னவரும் பேர்ன்ஸ்டைன்தான். லண்டனில் ஏங்கல்சின் நண்பராக வாழ்ந்த அவர், முதலாளியம் எதிர்பார்த்தபடி சரியவில்லை, சொத்துடையோர் தொகை குறையவில்லை, ஆகவே கட்சி தான் உண்மையில் என்னவாக இருக்கிறதோ அதை, அதாவது ஜனநாயக வழிச் சீர்திருத்தக் கட்சி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று 1899இல் ஒரு நூலில் வாதிட்டார். றோசா லுக்சம்பேர்க்கின் மறுப்பும் அதே ஆண்டு நூலாக வந்தது. சீர்திருத்தத்தை மட்டும் தேர்ந்தெடுப்பவர் அதே ஊருக்கு மெதுவான பாதையில் போகிறவர் அல்லர், வேறொரு ஊருக்கே போகிறவர் என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்கிடையில் கட்சியின் செயலாளர் இக்னாஸ் அவுவர் பேர்ன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதமொன்றில், இதையெல்லாம் வாயால் சொல்லக்கூடாது, செய்துகொண்டு போகவேண்டும் என்ற பொருள்பட எழுதினார். என்னைக் கேட்டால், இந்தக் கட்சியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள அவுவரின் கடிதம் மற்ற இரு நூல்களுக்கும் குறையாமல் உதவும். 1903இல் திறெஸ்டன் மாநாடு பேர்ன்ஸ்டைனின் திருத்தல்வாதத்தைக் கண்டித்தது. நடைமுறை மாறவில்லை.

1912இல் 34.8 வீத வாக்குகளும் 110 ஆசனங்களும் பெற்று நாடாளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியாயிற்று. 1914 ஆகஸ்ட் 4ஆம் திகதி போர்க் கடனுக்கு வாக்களித்தது. போரை எதிர்த்தோர் 1917இல் தனிக்கட்சி கண்டபோது லுக்சம்பேர்க், பேர்ன்ஸ்டைன், கவுட்ஸ்கி மூவரும் அதே பக்கத்தில் நின்றனர் என்பதை இடது - வலது என்று கோடு கிழிப்போர் மறந்துவிடுகிறார்கள். 1919 சனவரியில் லுக்சம்பேர்க்கைக் கொன்ற படையினர், சமூக ஜனநாயகவாதிகளின் அரசு கிளர்ச்சியை அடக்கப் பயன்படுத்திய படையைச் சேர்ந்தவர்கள். 1933 மார்ச் 23ஆம் திகதி ஹிட்லருக்குச் சர்வ அதிகாரம் தரும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த 94 பேரும் இக்கட்சியினரே. இரண்டும் ஒரே கட்சியின் வரலாறுதான்.

போருக்குப் பின் 1959 நவம்பரில் பாட் கோடஸ்பேர்க்கில் கூடிய மாநாடு, 16 எதிர்ப்புக்கு 324 ஆதரவாக, மார்க்சியத்தை அடித்தளமாகக் கொள்வதைக் கைவிட்டது. சந்தைப் போட்டி ஏற்கப்பட்டது. கிறித்தவ அறம், மனிதநேயம், செவ்வியல் மெய்யியல் ஆகியவை வேர்களாகக் கூறப்பட்டன. தொழிலாளர் கட்சி மக்கள் கட்சியாயிற்று. பேர்ன்ஸ்டைன் அறுபது ஆண்டு பிந்தி வென்றார் எனலாம். இம்மாற்றத்தை எதிர்த்த மார்பூர்க் பேராசிரியர் வொல்வ்காங் அபென்ட்ரோத் பின்னர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

இனி எம்மவர் கதைக்கு வருவோம். 1980களில் ஈழத்தமிழர் பலர் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்கு வந்து அகதித் தஞ்சம் கோரினர். அந்தக் கோட்டை மேற்கு ஜேர்மனி எல்லையாக ஏற்காததால் அங்கு கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1986 செப்டெம்பரில், மேற்கு நாட்டு விசா இல்லாதோரை இனி ஏற்றிவருவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி இணங்கியது. அதற்குப் பின்னணியில் பேசியவர் எஸ்.பே.டே.யின் ஏகோன் பார். அதை அறிவித்தவர் அக்கட்சியின் சான்சலர் வேட்பாளர் யோகானஸ் றவ். தேர்தல் நெருங்கியிருந்தது.

அடுத்தது 1993. அரசியற் காரணத்தால் துன்புறுத்தப்படுவோருக்குப் புகலிட உரிமை உண்டு என்ற அரசியலமைப்பு விதியைக் கட்டுப்படுத்த மூன்றிலிரண்டு பெரும்பான்மை தேவைப்பட்டது. எதிர்க்கட்சியாக இருந்த எஸ்.பே.டே. இணங்காமல் அது நடந்திராது. மே 26ஆம் திகதி 132க்கு எதிராக 521 வாக்குகளால் திருத்தம் நிறைவேறியது. மூன்று நாள் கழித்து சோலிங்கனில் துருக்கியக் குடும்பமொன்றின் வீட்டுக்கு வைக்கப்பட்ட தீயில் ஐவர் இறந்தனர். கட்சிக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்து, 1982இல் உறுப்பினராகவும் சேர்ந்த எழுத்தாளர் குந்தர் கிராஸ், இந்த இணக்கத்தை எதிர்த்து விலகினார். விலகிய பின்பும் தேர்தல்களில் அக்கட்சிக்கே ஆதரவு தேடினார்!

1998இல் ஆட்சிக்கு வந்த கெர்ஹார்ட் சுறோடர் அரசு, இங்கு பிறக்கும் வெளிநாட்டவர் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை 2000 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. அதே அரசின் 2003ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வேலையற்றோர் உதவித்தொகையைச் சுருக்கியது. கட்சியின் முன்னாள் தலைவர் ஒஸ்கார் லாபொன்ரேன் 2005இல் வெளியேற, 2007இல் இடதுசாரிக் கட்சி உருவாயிற்று. அதே 2007இல் ஹம்பூர்க்கில் எஸ்.பே.டே. ஏற்ற அடிப்படைத் திட்டம் 'ஜனநாயக சோசலிசம்' என்ற சொல்லை விடாமல் வைத்துக்கொண்டது. அவுவர் இருந்திருந்தால் வியந்திருப்பார். சொல்வதை விட்டுச் செய்யுங்கள் என்றவருக்கு, செய்வதை விட்டுச் சொல்லைக் காப்பாற்றியவர்கள் வாரிசாக வந்திருந்தார்கள்.

2024 யூன் மாதத்தில், ஓலாவ் சோல்ஸ் தலைமையிலான அரசு குடியுரிமைக்கான காத்திருப்பை எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தது, இரட்டைக் குடியுரிமையையும் அனுமதித்தது. நன்கு இணைந்து வாழ்வோர் மூன்று ஆண்டிலேயே விண்ணப்பிக்கவும் வழி வைத்தது. 2025 பெப்ரவரித் தேர்தலில் கட்சி 16.4 வீதத்துக்கு வீழ்ந்து, கிறித்தவ ஜனநாயகவாதிகளின் கூட்டணியில் இளைய பங்காளியாயிற்று. அந்த மூன்று ஆண்டு வழியை 2025 ஒக்டோபரில் நாடாளுமன்றம் நீக்கியபோது, அதைக் கொண்டுவந்த எஸ்.பே.டே.யும் நீக்குவதற்கே வாக்களித்தது.