நம் பிள்ளைகளுக்கு முதல் கிளாஸை ஊற்றியது யார்?

ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினத்தன்று, பள்ளிகளில் மாணவர்களை வரிசையில் நிற்க வைத்து உறுதிமொழி எடுக்கச் சொல்கிறார்கள். பேரணி, ஓவியப் போட்டி எல்லாம் நடக்கின்றன. பேசுகிறவர்கள் "கெட்ட சகவாசம்", "பெற்றோர் கவனிப்பு இல்லை" என்ற இரண்டு காரணங்களோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கெட்ட சகவாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், விரல் காலனிப் பக்கம்தான் நீளும். அதனால்தான் இதன் வரலாற்றை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் பறையடிக்கவும் குழி வெட்டவும் சேரிக்கு ஆள் அனுப்புவது பல ஊர்களில் வழக்கம். கூலியில் ஒரு பங்கு சாராயமாகவே கிடைக்கும். அப்பாவோடு பறை தூக்கிப் போன பையனுக்கும் அங்கேயே ஊற்றிக் கொடுத்தார்கள். மலக்குழியில் இறங்குகிற தொழிலாளி நாற்றம் தெரியாமல் இருக்கக் குடித்தார். நம் பிள்ளைகள் பலருக்கு முதல் கிளாஸ் சாதித் தொழிலின் கூலியாக வந்தது. கொடுத்தவர்களே பிறகு நம்மைக் குடிகாரர்கள் என்றார்கள். தென்னாற்காடு மாவட்டத்தில் எல். இளையபெருமாள் "சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்" என்று மக்களைத் திரட்டியதை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். அந்த வேலையை மறுத்தவர்கள் அதோடு வந்த சாராயத்தையும் மறுத்தார்கள்.

குடிக்கு எதிரான குரல் நமக்கு வெளியிலிருந்து வந்த அறிவுரை அல்ல. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தை நம் மக்களின் வாழ்க்கை நெறியாக முன்வைத்தார். போதையைத் தவிர்ப்பது அதில் ஐந்தாவது. இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்துக்குள் போனதும் கடையை நோக்கிப் பேசினார். விடுமுறை, பண்டிகை நாள்களில் மதுக்கடைகளை மூட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கூலி கைக்கு வரும் நாளில் கடை திறந்திருந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களுக்குச் செய்து வைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. சாதியை விட்டு வெளியேறுகிற நாளில் குடியையும் விடச் சொன்னார்.

அரசு என்ன செய்தது? 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. வருமான இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளில் மறுபடி மூடினார்கள். 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் உருவானது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24-இல் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பனை வரியும் போகவில்லை, மதுவும் போகவில்லை. ஜூன் 26 அன்று உறுதிமொழி வாசிக்கச் சொல்வதும் இதே அரசுதான்.

மூடுவதும் திறப்பதும் ஆட்சியாளர்களின் கணக்காகவே இருந்த காலத்தில், பக்கத்து ஆந்திராவில் வேறொன்று நடந்தது. நெல்லூர் மாவட்டத்தில் 1990-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. இரவு வகுப்புக்கு வந்தவர்களில் தலித், பிற்படுத்தப்பட்ட கூலிப் பெண்கள் ஏராளம். தங்கள் வாழ்க்கையைப் பற்றியே பாடம் படித்தபோது, அரசு பாக்கெட்டில் அடைத்து வீட்டுவாசல் வரை அனுப்பிய சாராயத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர்க் கடையை மூட வைத்தார்கள். அந்தக் கதை அடுத்த பாடப்புத்தகத்தில் ஏறியது. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்களும் கிளம்பினார்கள். 1992-இல் சாராய ஏலத்தை நடத்த முடியாமல் தள்ளித் தள்ளி வைத்தார்கள். 1993 ஏப்ரலில் மாவட்டத்திலும், அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் வந்த முழு மதுவிலக்கை 1997-இல் தளர்த்திவிட்டார்கள். சட்டம் போனாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற இடத்திலிருந்தே ஒரு போராட்டம் தொடங்க முடியும் என்ற பாடம் நமக்கு இருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளிகள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது படிக்கிற வயதில் இருக்கிறார்கள். இன்று கஞ்சாவும் வலி மாத்திரையும் கூல் லிப்பும் பள்ளி வாசல் வரை வந்துவிட்டன. ரெய்டு என்றால் போலீஸ் நம் தெருவுக்குள் வந்து பையன்களை ஏற்றிக்கொண்டு போகிறது. விற்றவன் வெளியே இருக்கிறான். சட்டம் சொல்வது இதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழந்தையை வைத்து விற்பதும் கடத்துவதும் 78-ஆவது பிரிவில் குற்றம்.

தோழர்களே, உங்கள் பகுதியில் வயது கேட்காமல் விற்கிற கடை எது என்று எழுதி வையுங்கள். இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். சாவு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று தெருவில் கூடி முடிவெடுங்கள். ஏற்கெனவே பழகிவிட்ட பையனைத் துரத்தாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அவன் நோயாளி. எல்லாவற்றுக்கும் முன்னால், மாலை ஆறு மணிக்கு அவன் வந்து உட்கார ஒரு படிப்பகத்தைத் திறந்து வையுங்கள்.